எண்பத்தொரு நிமிஷ ஆல்பம்

புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும். மத்திய அரசு அலுவலகத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை என்பதால் நான் அவற்றைச் சனிக்கிழமை மதியம் கேட்பேன். ராக், மெட்டல், இரண்டும்தான். தில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் காட்டன் புடவை கட்டிக்கொண்டு, நாற்பத்து நாலு வயதில் மெட்டல் கேட்கிற செக்‌ஷன் ஆபீசர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தமிழிலேயே எழுதித் தரலாம், மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்று நீங்கள் சொன்னதால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை நிறுத்தாமல் கேட்க வேண்டும். நடுவில் எழுந்து போனால் கேட்டதாகவே ஆகாது. என் ஆசை இவ்வளவுதான், வாரத்தில் ஒரு நாள், நாற்பது நிமிஷம். அதற்குக்கூட வழியில்லாமல் போனதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

என் மாமனார் இராஜமாணிக்கத்துக்கு எண்பத்து மூன்று வயது. கணவர் பிரதீப்புக்கு அஸ்ஸாமில் எண்ணெய்க் கம்பெனி வேலை. வார நாட்களில் மாமாவைப் பார்த்துக்கொள்ளத் தாயம்மாள் வருவாள். சனி, ஞாயிறு நான். சாப்பாடு, மருந்து, குளியல் எதிலும் நான் குறை வைத்ததில்லை.

"மாமா, நாப்பது நிமிஷம் பாட்டு கேக்கறேன். அதுவரைக்கும் கூப்பிடாதீங்க" என்பேன்.

"அச்சா அச்சா, நீ கேளும்மா. நான் எதுக்குக் கூப்பிடப் போறேன்?" என்பார்.

இரண்டாவது பாட்டுக்குள் கூப்பிட்டுவிடுவார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓடினால், "ஒண்ணுமில்ல மதி. இருக்கியான்னு பார்த்தேன்" என்பார். பதில் வராவிட்டால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவார். விழுந்து தொலைத்தால் அதுவும் என் தலையில்தான் விடியும். அதனால் ஒரு காதில் ஹெட்போன், ஒரு காதில் மாமா. அவர் எங்களோடு இருக்க வந்த இந்தப் பதினோரு வருஷமாக நான் எந்த ஆல்பத்தையும் இரண்டு காதாலும் கேட்டதில்லை.

தூக்கம் வராத நாட்களுக்கென்று டாக்டர் அவருக்கு அரை மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். பிப்ரவரியில் ஷில்லாங் பெண்கள் மூன்று பேரின் முதல் ஆல்பம் வந்தது. முப்பத்தெட்டு நிமிஷம், அப்பழுக்கில்லாத ராக், டிரம்ஸ் அடிக்கிற பெண்ணுக்கு இரக்கமே கிடையாது. அன்று மதிய மோரில் அரை மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன். முக்கால்வாசி கேட்டிருப்பேன், "மதி" என்று குரல் வந்துவிட்டது. ஏப்ரலில் நார்வேக்காரர்கள், ஐம்பத்திரண்டு நிமிஷம், ஒரு மாத்திரை. பாடுகிறவன் தொண்டையைக் கிழித்துக்கொள்வான், கிட்டார் மட்டும் அத்தனை அழகு. கடைசிப் பாட்டின் நடுவில் மாமா கண் விழித்தார். செப்டம்பரில் சிலி நாட்டுக் குழு ஒன்றுக்கு ஒன்றரை. அதிலும் ஐந்து நிமிஷம் பாக்கி நின்றுவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. நடுவில் வந்த மற்ற சனிக்கிழமைகளிலும் மோரில் இதே கணக்குதான்.

"வாராவாரம் திங்கக்கிழமை ஐயாவுக்கு நாக்கு குழறுதே மேடம், டாக்டர்கிட்ட காட்டுங்களேன்" என்றாள் தாயம்மாள். வயதாகிறது என்றேன். பிரதீப் போனில் கேட்டபோதும் அதையே சொன்னேன். அது பொய் இல்லை.

நவம்பரில் ஃபின்லாந்துக்காரர்களின் ஆல்பம் வந்தது. டூம் மெட்டல் என்பார்கள். ஆமை வேகத்தில் நகரும், ஒரு பாட்டே இருபது நிமிஷம். அதற்காக ஆறு வருஷம் காத்திருந்தேன். மொத்தம் எண்பத்தொரு நிமிஷம். ஒன்றரை போதாது என்று தெரிந்துவிட்டதால் மூன்று போட்டேன். மோர் கசக்கிறது என்றார். "வெந்தயம் போட்டிருக்கேன் மாமா" என்றேன். குடித்துவிட்டார்.

இரண்டாவது பாட்டில் கூப்பிட்டார். குரல் எழும்பவில்லை. "மதி... இருக்கியா?" என்றார். எழுந்து வர மாட்டார் என்று தெரியும். பதில் சொல்லாமல் இன்னொரு காதையும் மூடிக்கொண்டேன்.

மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் ஓய்ந்து ஒற்றைக் கிட்டார் மட்டும் ஒலிக்கும். அந்த இடத்தில் பக்கத்து அறைக் குறட்டை கேட்க வேண்டும். கேட்கவில்லை. ஹெட்போனைத் தூக்கிப் பார்த்தேன், அப்போதும் கேட்கவில்லை. இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருந்தது. அப்போதே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாக ஸ்டேஷனில் சொன்னீர்கள். எனக்கும் அது அப்போதே தோன்றியது. ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

ஆல்பத்தை முழுதாகக் கேட்டேன். இந்த வருஷம் வந்ததில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. இரண்டாவது பாட்டுக்குப் பிறகு மாமா ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அவர்மேல் எனக்கு இப்போது எந்த மனத்தாங்கலும் இல்லை.