ஒரே நூலில் மூன்று பேர்

2018 ஜூன் 4, திங்கட்கிழமை. தாய்லாந்து, யசோத்தோன் மாகாணம், நோங் சாங் ஊர் விகாரை. போதை மாத்திரையை விடுவதற்காக சூராத் எடுத்த தொண்ணூறு நாள் விரதம் அன்று முடிந்தது. ஊர்த் தலைவர் தோங்லுவானும் சுகாதாரத் தொண்டர் கம்பியெங்கும் அவனோடு ஒரே மந்திரித்த நூலில் மணிக்கட்டைக் கட்டி, மது உட்பட எந்தப் போதையும் தொடாமல் பஞ்ச சீலம் காக்கும் அதே விரதத்தை எடுத்திருந்தார்கள்.

கம்பியெங்: கையெழுத்தைப் போடுங்க தலைவரே. பேனாவை எவ்வளவு நேரம்தான் துடைப்பீங்க?

தோங்லுவான்: மை வருதான்னு பார்க்கிறேன்.

கம்பியெங்: வருது. போடுங்க.

தோங்லுவான்: இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?

கம்பியெங்: 'தொண்ணூறு நாளும் பஞ்ச சீலத்தை நானும் காத்தேன்.' ஒரே ஒரு வரி.

தோங்லுவான்: அந்த ஒரு வரிதான்...

கம்பியெங்: அப்போ நீங்க குடிச்சீங்கன்னு ஊர்ல பேசிக்கிறது நிஜம்தானா?

தோங்லுவான்: மழை வேண்டி விடுற ராக்கெட் திருவிழாவுல நம்ம ராக்கெட் எழும்பவே இல்லை. புஸ்ஸுன்னு புகைஞ்சு... தோத்தவனைச் சேத்துல தள்ளி வாயில சாராயம் ஊத்துறது வழக்கம். தலைவனே மாட்டேன்னா? மழை வராட்டி என்னைத்தான் திட்டுவாங்க.

கம்பியெங்: ஊத்தினா துப்ப வேண்டியதுதானே?

தோங்லுவான்: மொத வாயைத் துப்பிட்டேன்.

கம்பியெங்: அப்புறம்?

தோங்லுவான்: அப்புறம் யாரும் ஊத்தலை. நானே...

கம்பியெங்: பதிமூணு வாரம் அவன் சிறுநீரைச் சோதிச்சிருக்கேன். ஒரு தடவைகூடத் தப்பு வரலை. மாத்திரை இல்லாம அவன் துடிச்சதை நீங்களும் பார்த்தீங்க. உங்களால ஒரு நாள் முடியலையா?

தோங்லுவான்: எனக்கு யாரும் சோதனை வைக்கலையே.

கம்பியெங்: சிரிக்காதீங்க. உடோன் நகரத்துலேருந்து அவன் மகளைக் கூட்டிக்கிட்டு, அவளை வளர்க்கிற பெரியம்மா வந்து கூடத்துல உட்கார்ந்திருக்கா. தாயில்லாத பொண்ணு. தாள்ல நம்ம ரெண்டு கையெழுத்தும் இருந்தாத்தான் அப்பன்கிட்ட விடுவாளாம்.

தோங்லுவான்: அதுக்காகப் புத்தர் முன்னாடி பொய் எழுதச் சொல்றியா?

கம்பியெங்: தேர்தல்ல நீங்க சொல்லாத பொய்யா?

தோங்லுவான்: அது ஜனங்க முன்னாடி.

கம்பியெங்: ஒருத்தர் தவறினா மூணு பேருக்கும் முதல் நாள்லேருந்து எண்ணணும். அவன் என்ன பாவம் பண்ணினான், சொல்லுங்க?

தோங்லுவான்: அந்த விதியை வெச்சது விகாரையோட தலைமை பிக்கு, நம்ம பெரிய சாமி. அவர்கிட்டப் போய்க் கேளு.

கம்பியெங்: உங்களோட மல்லுக்கட்டி என் தொண்டை வறண்டு போச்சு.

தோங்லுவான்: சரி... நீ முதல்ல போடு.

கம்பியெங்: மூத்தவர் போட்டப்புறம்தான் நான்.

தோங்லுவான்: இது எந்த ஊர் வழக்கம்?

கம்பியெங்: பேச்சை மாத்தாதீங்க.

தோங்லுவான்: உன் இடமும் காலியாத்தானே இருக்கு?

கம்பியெங்: எனக்கென்ன, ஒரு நொடி வேலை... உஷ். சூராத் வர்றான். வா தம்பி. தலைவர் கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டாராம், அதான் நேரமாயிடுச்சு.

சூராத்: பரவாயில்லைக்கா. தாள் இனிமே வேண்டாம்.

தோங்லுவான்: வேண்டாமா?

சூராத்: பெரிய சாமி கூப்பிட்டு, 'உன் நூல்ல இருந்த ரெண்டு பேரும் காத்தாங்களா'ன்னு கேட்டாரு.

கம்பியெங்: நீ என்ன சொன்னே?

சூராத்: உள்ளதைச் சொன்னேன்.

கம்பியெங்: தெரியாதுன்னு சொல்லியிருக்கக்கூடாதா? உன் பொண்ணு வெளியில...

சூராத்: திருவிழா அன்னிக்கு ரெண்டு பேரையும் என் டிராக்டர் பெட்டியில போட்டு வீட்டுல விட்டது நான்தானேக்கா. தலைவராவது பாடிக்கிட்டு வந்தாரு. உங்களை ரெண்டு பேர் தூக்கித்தான் இறக்கினோம். அதைச் சொல்லிட்டேன். பாப்பாவையும் பெரியம்மாவையும் இப்பத்தான் பத்து மணி பஸ்ல ஏத்திவிட்டேன். நமக்கு நாளைக்கு முதல் நாள்.