தாகம் எடுக்காத இடம்

ஞாயிறு காலை, நிக்டியில் நான் ஏறிய பஸ். எனக்கு முன் சீட்டில் அறுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும். கணவர் நெற்றியில் திருநீறு, அந்த அம்மாவின் மடியில் பைபிள். சுற்றிலும் மராத்திப் பேச்சு. தமிழ் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் அந்த அம்மா சற்று உரக்கவே கேட்டார்.

“உலகம் உண்டாகறதுக்கு முன்னாடியே யார் யாருக்கு ரட்சிப்புன்னு ஆண்டவர் குறிச்சு வெச்சுட்டாராம். போன வாரம் பாஸ்டர் சொன்னதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்லங்க. உங்க பேரு அதுல இல்லன்னா?”

“இல்லன்னா என்ன. முப்பது வருஷமா நீ உள்ள ஜெபம் பண்ற, நான் சர்ச் வாசல்ல உக்காந்திருக்கேன். மேல போனா அங்கயும் வாசல்ல இருக்கேன்.”

“அங்க ஆராதனை முடியவே முடியாதுங்க.”

அவர் காலடியில் இருந்த பையைத் தொட்டுக் காட்டினார்.

“நடுவுல தண்ணி குடிக்க வெளிய வருவல்ல. பாட்டில் எங்கிட்டதான இருக்கும்.”

“அங்க யாருக்கும் தாகமே எடுக்காதுன்னு எழுதியிருக்கு.”

இரண்டு ஸ்டாப் கழித்து சர்ச் வந்தது. இறங்க எழுந்தபோது அவர் தண்ணீர் பாட்டில் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அந்த அம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு எடுக்கும்ங்க.”