குலை தள்ளாத வாழை

கண்ணுகளா, நேற்று தாராபுரம் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு தலைப்பாகைக்காரரும் அவர் மனைவியின் தம்பியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“மாப்ளே, என்ற பொண்ணுக்குக் கண்ணாலம்னு என்ற வாழைக்கு மறந்தேபோச்சு,” என்றார் தலைப்பாகைக்காரர்.

“ஏனுங்க மச்சான்?”

“வாசல்ல கட்டறக்கு எங்க தோட்டத்து வாழைதான்னு சம்பந்திகிட்டச் சொல்லிப்போட்டேன். வர்ற வாரம் முகூர்த்தம். ஒரு மரங்கூடக் குலை தள்ளல.”

“என்ன எரு போட்டீங்க?”

“வருசாவருசம் ஆட்டுப்பட்டி அடைச்சு, புழுக்கை எருவுலதான் நடுவேன். இந்த வருசம் உப்பாட்டம் வெள்ளையா இருக்குதே, அந்தச் சீமை உரம். எலை கருகருன்னு வந்துச்சு. சந்தோசத்துல இன்னும் ரெண்டு தடவை அள்ளிப் போட்டேன்.”

“அது எலைக்குத் தீனிங்க. குலைக்குச் சாம்பலாச்சும் போட்டீங்களா?”

“இல்லியே.”

“அப்பப் பந்திக்கு எலை உங்குளுது. வாசலுக்கு வாழை என்ற தோட்டத்துது. தாய்மாமன் சீருன்னு சொல்லிப்போடுங்க. யாரு என்ன கேப்பாங்க?”

தலைப்பாகைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “எலை எத்தனை வேணாலும் அறுத்துக்கலாம்,” என்று சிரித்தார்.

இன்று காலை, நீங்கள் எழுமுன், அடுப்புச் சாம்பலை முறத்தில் அள்ளிப் போய் நம் புழக்கடை வாழையைச் சுற்றித் தூவிவிட்டு வந்தேன்.