முதல் மழையை விட்டுப் பிடித்த மார்கிரட் டீச்சருக்கு

மலைமுகட்டில் மழைமுகில் திரண்டாலே மாணவர் முகம் மலரச் செய்த மாண்புமிகு மார்கிரட் டீச்சர் அவர்களே! பொகவந்தலாவை மலைச்சரிவில் எங்கள் தோட்டப் பாடசாலைக்கு முப்பத்தொரு ஆண்டுகள் விஞ்ஞானத்தோடு விகடமும் சேர்த்து விளம்பிய வித்தகியே! உங்களுக்கு வணக்கம், வாழ்த்து, அத்தோடு ஒரு குற்றச்சாட்டு! பாராட்டு மடலில் குற்றச்சாட்டா என்று சபை திகைக்க வேண்டாம், அதற்கும் வருகிறோம்.

மழை வந்தால் மற்றவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். நீங்களோ தோட்டத்துக் காலைப் பெரட்டுக்கு வேலையாள் சேர்ப்பதுபோலப் பிள்ளைகளை வெளியே அழைப்பீர்கள். தேயிலைக் கொழுந்தெடுக்கும் தாய்மார் இடுப்பில் கட்டும் படங்கு விரிப்பை இரவல் வாங்கி, நான்கு கம்பில் விரித்து, "இதுதான் கூரை" என்பீர்கள். ஜாம் போத்தலில் மழையை அளப்பதும், மழையளவைத் தப்பாகச் சொன்ன அணி, சரியாகச் சொன்ன அணியின் சப்பாத்தைக் கழுவுவதும் உங்கள் பாடத்திட்டம்! தும்மியபடி வீடு திரும்பிய பிள்ளைகளுக்காக நீங்கள் வாங்கிய ஏச்சும் உங்கள் சேவைக் காலத்தில் சேர வேண்டியதே.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதம். ஊற்று வற்றியது. ஊற்றுநீர் வரும் பீலிக் குழாயில் நூல்போலத் தண்ணீர். மலசலகூடத்தில் சொட்டுமில்லை. சித்திரை முடிவதற்குள் தண்ணீருக்கு வழி செய்யாவிட்டால் தரம் ஆறிலிருந்து மேல்வகுப்புகள் மூடப்படும் என்று கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மூடினால், தரம் எட்டில் படித்த தனுஜா நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். வீட்டில் பஸ் ஏற்றமாட்டார்கள், தங்கச்சியைப் பார்க்க நிறுத்திவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

நீங்கள் அசரவில்லை. பெற்றோரைக் கூட்டி, மழைநீரைப் பிடிக்கப் பாடசாலைக் கூரையோரம் தகரப் பீலி கட்டினீர்கள். முதல் பத்து நிமிட மழை சின்ன நீலப் பீப்பாய்க்கு. மீதி பெரிய தாங்கிக்கு. குழாயைத் திருப்பும் பொறுப்பு தனுஜாவுக்கு. சித்திரை மழை கொட்டியது, தாங்கி நிறைந்தது, அதைச் சோதிக்கக் கல்வி அதிகாரியும் வந்தார்.

"சாருக்கு ஒரு தேத்தண்ணி போடு புள்ள" என்றீர்கள். தனுஜா பறந்தாள். பெரிய தாங்கியைக் கடந்து நீலப் பீப்பாயில் மொண்டாள்!

ஒரு மிடறு. அதிகாரியின் முகம் கோணியது.

"என்னங்க டீச்சர், தேத்தண்ணியில அடுப்புக்கரி வாசம் அடிக்குது?"

"எந்தத் தண்ணியில போட்ட?" என்று கேட்டீர்கள்.

"முதல் மழைத் தண்ணியிலங்க டீச்சர். கொழுந்துல முதல்ல வர்ற துளிருதானே ஒசத்தி? அதான் சாருக்குன்னு பொத்திப் பொத்தி வச்சிருந்தேங்க!"

"போச்சு, ஸ்கூலுக்குப் பால் ஊத்தியாச்சு" என்று முணுமுணுத்தார் பக்கத்தில் நின்ற ஆசிரியர் வீரய்யா. தனுஜா கோப்பையையே பார்த்தாள். ஒரு கோப்பைத் தேநீரில் பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டோமா?

அப்போது நீங்கள் சொன்னீர்களே, டீச்சர்!

"தப்பு என்னுதுங்க சார். முதல் தண்ணிய ஒதுக்குன்னு சொன்னேன். ஏன்னு சொல்லாம விட்டுட்டேன்."

பீப்பாயில் ஒரு கிளாஸ், தாங்கியில் ஒரு கிளாஸ் மொண்டு மேசைமேல் வைத்தீர்கள். ஒன்று கறுப்பு, மற்றது கண்ணாடி. "இப்ப நீயே பாத்துச் சொல்லு புள்ள."

தனுஜா குனிந்து பார்த்தாள். பக்கத்து லயத்து வீடுகளின் அடுப்புப் புகைக்கரி, பாசி, குருவி எச்சம். மெதுவாக நிமிர்ந்தாள். "முதல் மழை கூரையக் குளிப்பாட்டுதுங்க சார். அந்தக் குளிச்ச தண்ணியத்தான் உங்களுக்குக் குடுத்துட்டேன்!"

அதிகாரிக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. "ஸ்கூல மூட வேணாம். ஆனா எனக்கு இன்னொரு தேத்தண்ணி வேணும், பெரிய தாங்கியிலேருந்து!"

இனிக் குற்றச்சாட்டு. அன்றிலிருந்து 'ஏன்' என்று சொல்லாமல் நீங்கள் எதையும் கற்பித்ததில்லை. விளைவு? இங்குள்ள பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்கிறார்கள். எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அவர்களை எங்கள் தலையில் கட்டிவிட்டு நீங்கள் மட்டும் ஓய்வெடுப்பது நியாயமா, நீதியா?

நியாயமில்லைதான், ஆனாலும் போய்வாருங்கள். அன்றைய தனுஜாவே இன்று எங்கள் விஞ்ஞான ஆசிரியை. உங்கள் முன் நின்று இம்மடலை வாசிப்பவரும் அவரே! டிக்கோயாவில் உங்கள் வீட்டுக் கூரையில் மழை தவறாது இறங்கட்டும்! நூறு சித்திரை மழையில் நனைந்தும் தும்மாத திடம் உங்களுக்கு வாய்க்கட்டும்!

உங்கள் கையருகே ஆவி பறக்கும் தேநீரும் தனுஜா போட்டதே. தயங்காமல் குடியுங்கள், டீச்சர். பெரிய தாங்கித் தண்ணீர்தான்.

அன்புடன்,
அதே தாங்கித் தண்ணீரில் இன்றும் தேநீர் குடிக்கும்
அதிபர், ஆசிரியர்கள், ஊழியர்கள்