புதினா நுரை

மிஷின்காரி: ஆஃப் பண்ணுங்க அண்ணி! ஆஃப்… ஆஃப்!

அண்ணி: எதைடி? எனக்கு என் காலே தெரியல. இதுல சுவிட்சை எங்க போய்த் தேடுறது?

மிஷின்காரி: செவத்துல… சோபாவுக்குப் பின்னாடி… ஐயோ, அது லைட்டு!

அண்ணி: இருட்டுல நுரை இன்னும் அழகா இருக்கு.

மிஷின்காரி: அண்ணி!

அண்ணி: இரு, இரு… பிளக்கையே பிடுங்கிட்டேன். போதுமா?

மிஷின்காரி: அப்பாடா… மோட்டார் தப்பிச்சுது. சத்தம் மாறினதைக் கேட்டீங்களா? தொண்டையில சளி கட்டின மாதிரி. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா நுரை மோட்டாருக்குள்ள போயிருக்கும்.

அண்ணி: போனா?

மிஷின்காரி: போனா என்ன, நாளையிலேர்ந்து நானும் நீங்களும் துடைப்பத்தைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போகணும். இந்தக் கார்ப்பெட் மிஷினை விட்டா நம்மகிட்ட என்ன இருக்கு?

அண்ணி: உங்க அண்ணன் இருக்கார்.

மிஷின்காரி: அதான் கேக்கறேன், என்ன இருக்கு?

அண்ணி: …அதுவும் சரிதான். லைட்டைப் போடறேன் இரு.

டாக்டர்: மேடம்… என்ன இது, ஒரே வெள்ளையா… எங்க இருக்கீங்க?

மிஷின்காரி: நடு ஹால்லதான் டாக்டர். பார்த்து வாங்க, டியூப் கால்ல மாட்டும்.

அண்ணி: நான் உங்க பேஷன்ட் சோபா மேல நிக்கறேன் டாக்டர். செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறினேன்.

டாக்டர்: இவ்வளவு நுரையா வரும்? உள்ள ஒருத்தருக்கு ஊசி போட்டு, ஈறு மரத்துப்போகட்டும்னு உக்கார வச்சிருக்கேன். கதவுக்கு அடியில ஏதோ வருது, வருதுன்னு கையை ஆட்டி ஆட்டிக் காட்டுறார்.

மிஷின்காரி: வாயால சொல்ல மாட்டாரா?

டாக்டர்: வாய் நிறையப் பஞ்சு வச்சிருக்கேன்.

மிஷின்காரி: டாக்டர், ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். போன தடவை நாங்க சுத்தம் பண்ணிட்டுப் போனப்புறம் இந்தக் கார்ப்பெட்டை யாராவது கழுவினாங்களா? சோப்பு, ஷாம்பு… ஏதாவது?

டாக்டர்: இல்லையே.

மிஷின்காரி: நல்லா யோசிச்சு சொல்லுங்க.

டாக்டர்: யோசிச்சுத்தான் இல்லைங்கறேன்.

அண்ணி: ரொம்ப யோசிச்சுட்டீங்க போல. காதெல்லாம் செவந்துபோச்சு.

டாக்டர்: உள்ள ஏசி சரியில்லை…

மிஷின்காரி: ஏன் கேக்கறேன்னா, நான் இன்னிக்கு சோப்பே போடலை. வெறும் சுடுதண்ணியை அடிக்கறோம், உறிஞ்சறோம், அவ்வளவுதான். இப்படிப் பொங்குதுன்னா கார்ப்பெட்டுக்குள்ள ஏற்கனவே சோப்பு ஊறிக் கிடக்கணும்.

டாக்டர்: காத்துல வந்திருக்குமோ? பக்கத்துல ஒரு லாண்டரி இருக்கு.

அண்ணி: ஆமா, சோப்பு பறந்து வந்து, ஜன்னலைத் திறந்து, கார்ப்பெட்ல காலை நீட்டிப் படுத்துக்கிச்சு.

டாக்டர்: இல்லை… டேங்க் நிறைஞ்சா மிஷின் தானே நின்னுடும்னு சொன்னீங்களே மேடம். உள்ள ஒரு பந்து மிதக்கும்னு.

மிஷின்காரி: பரவாயில்லையே, ஞாபகம் வச்சிருக்கீங்க! ஆமா, தண்ணி ஏறினா பந்தும் ஏறி வழியை அடைச்சுடும். ஆனா நுரைக்கு அந்தப் பந்தைத் தூக்கற பலம் கிடையாது. பந்து பாட்டுக்குக் கீழ கிடக்கும். நுரை அதைத் தாண்டி நேரா மோட்டாருக்குப் போயிடும்.

அண்ணி: எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். தலைக்கு மேல எது போனாலும் எழுந்திருக்க மாட்டார்.

டாக்டர்: இப்ப என்ன பண்றது?

மிஷின்காரி: நுரை மருந்து ஊத்தினா அடங்கிடும். அண்ணி, அந்தப் பாட்டிலை எடுங்க.

அண்ணி: ஊத்திட்டேனே!

மிஷின்காரி: எப்ப?

அண்ணி: நீ டியூபோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தப்பவே. ஜன்னல் ஓரத்துல நீலமா இருந்துச்சே…

மிஷின்காரி: நம்ம மருந்து வெள்ளை அண்ணி. பால் மாதிரி இருக்கும்.

டாக்டர்: ஜன்னல் ஓரத்துல நீலமா… அக்கா, அது வாய் கொப்பளிக்கறது.

அண்ணி: அடக் கடவுளே! அதான் அதை ஊத்தினதும் கடல் மாதிரி எழும்புச்சா!

மிஷின்காரி: அப்ப நம்ம பாட்டில் எங்க?

அண்ணி: அது காலி. நேத்து ஹோட்டல் வேலையிலேயே தீர்ந்துபோச்சு. உன்கிட்ட சொன்னேன்ல?

மிஷின்காரி: எப்ப சொன்னீங்க?

அண்ணி: மனசுக்குள்ள சொல்லிட்டேன் போலிருக்கு.

மிஷின்காரி: நல்லா இருக்கு! டாக்டர், மாடிதானே உங்க வீடு? வினிகர் இருக்கா?

டாக்டர்: இருக்கு. சமைச்சுப் பழகலாம்னு ஒரு தடவை வாங்கினேன்.

அண்ணி: பழகினீங்களா?

டாக்டர்: வினிகர் வாங்கினதோட சரி.

மிஷின்காரி: ஓடிப்போய் எடுத்துட்டு வாங்க. படியெல்லாம் வழுக்கும், கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க!

அண்ணி: …போயிட்டாரா? அடியே, இந்த நுரையை மோந்து பாரு.

மிஷின்காரி: இருக்கற வேலையில நுரையை மோந்து பார்க்கணுமா?

அண்ணி: பாருங்கறேன்ல.

மிஷின்காரி: …புதினா.

அண்ணி: புதினா!

மிஷின்காரி: நீங்க ஊத்தின நீலத் தண்ணி வாசனையா இருக்கும்.

அண்ணி: நான் ஊத்தினது டேங்க்குக்குள்ள. இது கார்ப்பெட்லேர்ந்து அள்ளினது. தொட்டுப் பாரு, நெருநெருன்னு மாவு மாதிரி இருக்கு. சோப்பு இப்படியா இருக்கும்?

மிஷின்காரி: அண்ணி… பேஸ்ட்டு! பல்லு தேய்க்கற பேஸ்ட்டு!

அண்ணி: கத்தாத.

மிஷின்காரி: பேஸ்ட்டை எவன் கொண்டுவந்து கார்ப்பெட்ல தேய்ப்பான்? கார்ப்பெட்டுக்குப் பல்லா இருக்கு?

அண்ணி: எனக்கு என்னடி தெரியும்.

மிஷின்காரி: உங்க குரல் ஏன் இப்படி உள்ள போகுது?

அண்ணி: சோபா மேல நிக்கறேன்ல… உயரம் ஒத்துக்கலை.

டாக்டர்: வினிகர்! முழு பாட்டில்! எங்க ஊத்தட்டும்?

மிஷின்காரி: அதுல இல்லை, அது சுத்தத் தண்ணி. இந்தப் பக்கம், அழுக்குத் தண்ணி டேங்க்ல. மெதுவா… மெதுவா… போதும். மிச்சம் இருக்கட்டும்.

டாக்டர்: அடங்குதே மேடம்! உஸ்ஸுன்னு அப்படியே உக்காருது!

மிஷின்காரி: உக்காரும். ஆனா கார்ப்பெட்ல இருக்கறது எங்க போகும்? அது… டாக்டர், உங்க பின்னாடி யாரு?

டாக்டர்: சார்! நீங்க ஏன் எழுந்து வந்தீங்க? போய் உக்காருங்க, இன்னும் நல்லா மரத்துப் போகணும்.

அண்ணி: அவர் ஏதோ சொல்றாரே.

டாக்டர்: வலி இல்லைங்கறார்.

அண்ணி: வலி இல்லைன்னா எதுக்குக் கார்ப்பெட்டைக் காட்டுறார்? இப்ப உங்களைக் காட்டுறார்.

டாக்டர்: டாக்டர் ஊசி நல்லா போட்டார்ங்கறார்.

அண்ணி: இப்ப முட்டி போட்டுத் தரையைத் தேய்க்கற மாதிரி நடிச்சுக் காட்டுறாரே!

டாக்டர்: அது… அவருக்கு மூட்டு வலியும் உண்டு.

மிஷின்காரி: தள்ளுங்க டாக்டர். சார், நான் கேக்கறேன். ஆமான்னா கதவுல ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு. இன்னிக்குக் காலையில நீங்கதான் முதல்ல வந்தீங்களா? …ஒண்ணு. அப்ப டாக்டர் முட்டி போட்டு இதைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாரா? …ஒண்ணு. கையில பேஸ்ட்டு டியூப் இருந்துச்சா?

அண்ணி: ஒண்ணுதான்!

டாக்டர்: எனக்கு ரெண்டுன்னு கேட்டுச்சு.

அண்ணி: மறுபடியும் ஒண்ணு. இப்ப ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுறார். ஒரு டியூப் இல்லையாம், ஏகப்பட்டதாம்.

டாக்டர்: …கம்பெனிக்காரங்க சாம்பிள் கொடுப்பாங்க மேடம். அட்டைப்பெட்டி நிறைய சேர்ந்துபோச்சு.

மிஷின்காரி: அதுக்கு?

டாக்டர்: நீங்க வர்றப்ப கார்ப்பெட் அழுக்கா இருந்தா, என்னைப் பத்தி என்ன நெனைப்பீங்கன்னு…

மிஷின்காரி: என்ன நெனைப்பேன்? வேலை இருக்குன்னு நெனைப்பேன். அழுக்குன்னுதானே கூப்பிடறீங்க?

டாக்டர்: அழுக்கு இல்லை.

மிஷின்காரி: என்னது?

டாக்டர்: போன தடவையே பளிச்சுன்னு ஆயிடுச்சு. உங்களைக் கூப்பிட ஒரு காரணமும் இல்லாம போச்சு. போன தடவை காபியைக் கொட்டினேன். மறுபடியும் காபின்னா நல்லா இருக்காதேன்னு…

மிஷின்காரி: காபியைக் கொட்டினது நீங்களா? ஏதோ குழந்தை தட்டிவிட்டுச்சுன்னு சொன்னீங்களே!

டாக்டர்: குழந்தை வந்தது நிஜம். அது சும்மாதான் நின்னுச்சு.

மிஷின்காரி: டாக்டர், இது உங்களுக்கு விளையாட்டா இருக்கா? நான் ஹோட்டல்ல முட்டி போட்டுக் கார்ப்பெட் தேய்ச்சவ. முட்டி ரெண்டும் போனப்புறம், இருந்ததையெல்லாம் போட்டு வாங்கினது இந்த மிஷின். இது எனக்கு சாமான் இல்லை… கை, காலு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா செத்திருக்கும். தெரியுமா?

டாக்டர்: மோட்டாருக்கு ஆபத்துன்னு சத்தியமா எனக்குத் தெரியாது மேடம். நீங்க பந்தைப் பத்தி சொன்னீங்க… நுரை பந்தைத் தூக்காதுன்னு சொல்லலை.

மிஷின்காரி: ஓ, தப்பு என்னுதா!

டாக்டர்: இல்லை, இல்லை! என் தப்புதான். முழுக்க என் தப்பு.

மிஷின்காரி: எதுக்காக இதெல்லாம்? அதைச் சொல்லுங்க.

டாக்டர்: நான் பல் டாக்டர் மேடம்.

மிஷின்காரி: அது தெரியும். வெளிய போர்டு இருக்கு.

டாக்டர்: காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஆளுங்களோடதான் இருக்கேன். சாப்பிட்டீங்களா, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா, பையன் என்ன படிக்கறான்… எல்லாம் கேக்கறேன். ஒருத்தரும் பதில் சொன்னதில்லை. அவங்க வாயில என் கை இருக்கும். கையை எடுத்ததும் எழுந்து ஓடிடுவாங்க. நீங்க முதல் தடவை வந்தப்ப, வந்ததும் வராததுமா, ‘சும்மா நிக்காதீங்க, சோபாவோட அந்தப் பக்கத்தைத் தூக்குங்க’ன்னீங்க. அப்புறம் நாள் பூரா பேசினீங்க. டேங்க், பந்து, உங்க முட்டி, உங்க அண்ணனோட குறட்டை… என் மனைவி இறந்துபோனப்புறம் இந்தக் கட்டடத்துல அவ்வளவு பேச்சுக்குரல் கேட்டதே இல்லை மேடம்.

அண்ணி: டாக்டர், உங்க பேஷன்ட் அழறார்.

டாக்டர்: அது ஊசி போட்டதால. கண்ணுல தண்ணி வரும்.

அண்ணி: ரெண்டு தட்டு தட்டுறார்.

மிஷின்காரி: அண்ணி, நீங்க ஏன் ஆச்சரியமே படலை?

அண்ணி: நானா? பட்டேனே. உள்ளுக்குள்ள பட்டேன்.

டாக்டர்: அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். அவங்க நல்லதுக்குத்தான் சொன்னாங்க.

மிஷின்காரி: என்ன சொன்னாங்க?

அண்ணி: டாக்டர், உங்களுக்குப் பல்லு பிடுங்கற வேலை இருக்குல்ல?

மிஷின்காரி: என்ன சொன்னாங்க டாக்டர்?

டாக்டர்: மறுபடி எப்ப வருவீங்கன்னு போன்ல கேட்டேன். ‘கறை பட்டா வருவோம்’னாங்க.

அண்ணி: எல்லாருக்கும் சொல்றதுதானே அது!

டாக்டர்: ‘காபிக் கறைன்னா நாள் பூரா ஆகும்’னும் சொன்னீங்க அக்கா.

அண்ணி: காபின்னுதானே சொன்னேன்! பேஸ்ட்டுன்னு என்னிக்குச் சொன்னேன்?

மிஷின்காரி: அண்ணி!

அண்ணி: என்னடி அண்ணி? வேலை முடிஞ்சு வந்தா மிஷினைத் துடைச்சு, போர்வை போத்தி, ‘தூங்கு’ன்னு சொல்லிட்டுப் போய்ப் படுக்கற. என் காதால கேட்டேன். கூடப் பொறந்தவருக்கு அதெல்லாம் காதுல விழாது. எனக்கு விழுந்துச்சு. அது தப்பா?

மிஷின்காரி: போதும். எல்லாரும் வாயை மூடுங்க. சார், நீங்க மட்டும் திறந்தே வைங்க. பேஸ்ட்டு முழுசும் வெளிய வர்ற வரைக்கும் வெறும் தண்ணியால அலசணும். டேங்க் பாதி ஏறினதுமே காலி பண்ணணும். அண்ணி, இறங்கிவந்து பிளக்கைப் போடுங்க. டாக்டர், போய் அவர் பல்லைப் பிடுங்கிட்டு வந்து பக்கெட் தூக்குங்க.

டாக்டர்: நானா?

மிஷின்காரி: பின்ன, சாரா தூக்குவார்?

அண்ணி: ஒரு தட்டு தட்டுறாரே!

மிஷின்காரி: அவரைக் கூட்டிட்டுப் போங்க டாக்டர்!

அண்ணி: …நீ என்மேல கோவமா இருக்கியா?

மிஷின்காரி: டியூபை நேராப் பிடிங்க.

அண்ணி: ரொம்பக் கோவமா?

மிஷின்காரி: மடங்குது பாருங்க. நேரா.

டாக்டர்: பல்லு வந்துடுச்சு மேடம். ஆனா அவர் வீட்டுக்குப் போக மாட்டேங்கறார். இங்க என்ன ஆச்சுன்னு தெரிஞ்சாத்தான் போவாராம். சீட்டுல எழுதிக் காட்டினார்.

மிஷின்காரி: பக்கெட்டைப் பிடிங்க. கொட்டிட்டு வாங்க… இன்னொண்ணு… முதுகை வளைக்காதீங்க, முட்டியை மடக்குங்க… இன்னும் ஒண்ணு.

டாக்டர்: இது கொஞ்சம் தெளிவா இருக்கே மேடம்.

மிஷின்காரி: பால் மாதிரி இருக்கு. தெளிவாம்! கொட்டுங்க.

டாக்டர்: …இது?

மிஷின்காரி: ம்… இது தெளிவு. நுரையும் இல்லை. மோட்டார் சத்தமும் பழையபடி ஆயிடுச்சு. நிறுத்துங்க அண்ணி.

அண்ணி: நான் டியூபைச் சுருட்டி வண்டியில வச்சுட்டு… அங்கேயே உக்காந்திருக்கேன். நீ மெதுவா வா. சார், வாங்க, உங்களையும் வாசல்ல விட்டுடறேன். எதுக்கு இப்ப ரெண்டு தட்டு? வாங்கன்னா வாங்க!

டாக்டர்: …மேடம்.

மிஷின்காரி: சொல்லுங்க.

டாக்டர்: இனிமே கறை பட்டா… நிஜமாவே பட்டா… கூப்பிடலாமா?

மிஷின்காரி: வேண்டாம். இந்தக் கார்ப்பெட்டைப் பிச்சு எறிஞ்சுட்டு டைல்ஸ் போட்டுடுங்க.

டாக்டர்: …புரியுது மேடம். மன்னிச்சுக்குங்க. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்.

மிஷின்காரி: என்ன புரிஞ்சுது? ஒண்ணும் புரியலை உங்களுக்கு. போன தடவை அந்தக் காபிக் கறை மத்தியானமே போயிடுச்சு டாக்டர். அப்புறமும் சாயங்காலம் வரைக்கும் அதே இடத்தைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேனே, கார்ப்பெட்டுக்காகன்னா நெனைச்சீங்க? டைல்ஸ் போடுங்க… அடுத்த தடவை மிஷின் இல்லாம வர்றேன்.