மூன்றாம் குளிரறையின் கைப்பிடி

மதியம் மூன்றே கால். அக்டோபர் மழை. பர்வா மலைச் சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை... கடைசி வளைவில் ஒரே ஒரு வீடு. நம் ஹெய்னரின் அண்ணி டமாரிஸ் வீடு. ஹெய்னர் கதை அளக்கிறவன்தான், தெரியும். ஆனால் இதை என்னிடம் சொன்னபோது கையிலிருந்த காபியைக் குடிக்கவே மறந்துவிட்டான்.

நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது.

டமாரிஸும் நம்மைப் போலத்தான். அவள் கம்பெனியின் ஆறு நாட்டுத் தொழிற்சாலைகளுக்கும் நம் ஹெரேதியா ஊரில் ஒரே சேவை மையம். எங்கே எது உடைந்தாலும் கம்ப்யூட்டரில் கோரிக்கை போட வேண்டும், அது அவளிடம் வரும். நான்கு மணி நேரம் கெடு. தாண்டினால் சிவப்பு. மேலாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் நாம் என்ன செய்கிறோம்? 'கேட்டவரின் பதிலுக்குக் காத்திருக்கிறது' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அமுக்குகிறோம். கடிகாரம் நின்றுவிடும். அவரிடம் எதையும் கேட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சிரிக்காதே எஸ்தெபான், காலையிலிருந்து நீ எத்தனை அமுக்கினாய் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஈக்வடாரிலிருந்து ஒரு கோரிக்கை. இறால் குளிர்கிடங்கில் வேலை செய்யும் செகுந்தோ சாலேன் போட்டது. மூன்றாம் அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி வெறுமனே சுற்றுகிறது, மூடிக்கொண்டால் உள்ளேயிருந்து திறக்க முடியாது. முன்பென்றால் பக்கத்துக் கொட்டகை மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பார். புது மென்பொருள் வந்த பிறகு, இங்கிருந்து அனுமதி போகாமல் மெக்கானிக் ஸ்பேனரைத் தொடக் கூடாது. மென்பொருளோ இயந்திர எண்ணைக் கொடு என்றது. கைப்பிடிக்கு ஏது எண்? டமாரிஸ் தேடித் தேடிப் பார்த்தாள். கெடுவுக்கு ஆறு நிமிடம். பள்ளியிலிருந்து மகளை அழைத்துவர வேண்டும். பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே அந்தக் கதவு செகுந்தோவை உள்ளே வைத்து மூடிக்கொண்டது. திங்கட்கிழமைதான் திறந்தார்கள். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே விறைத்துச் செத்திருந்தார்.

பாவம், டமாரிஸ் அப்படி அழுதாள். அந்தக் கோரிக்கை கண்ணில் படாமல் மூடிவிடவும் பார்த்தாள். முடியவில்லை. கேட்டவர் பதில் தந்தால்தான் மூடுமாம்.

"விட்டுத் தள்ளு டமாரிஸ்," என்றாராம் மேலாளர். "அவன் பதில் சொல்ற வரைக்கும் கடிகாரம் ஓடாது. நமக்கு நல்லதுதானே?"

அவரை வெளியே எடுத்த ஒன்பதாம் நாள், அந்த மழை மதியம்... வீட்டில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தாள். டிங். அந்தக் கோரிக்கைக்கு எதிரே கடிகாரம் ஓட ஆரம்பித்திருந்தது.

முதலில் வாடை. குளிர்கிடங்குக் குழாய்களில் ஓடுமே, மூக்கை அறுக்கிற அந்த அமோனியா... அதற்கு அடியில் இறால். பிறகு குளிர். மூச்சு புகையாக வந்தது. அறைக் கதவை நோக்கி ஓடினாள். கைப்பிடி... க்ளிக்... க்ளிக்... வெறுமனே சுற்றியது.

கணவனுக்குப் போன் போட்டாள். "ஒல்மான், சீக்கிரம் வாங்க. கதவு தொறக்கல. குளுருது."

"மழைக்காலத்துல குளுராம என்னடி பண்ணும்? நல்லா இழுத்துப் பாரு."

"வெளிய இல்லீங்க... உள்ள குளுருது. எனக்குப் பின்னாடி யாருக்கோ பல்லு தந்தியடிக்குது."

அரை மணியில் ஒல்மான் வந்துவிட்டான். வெளிப்பக்கக் கைப்பிடியை ஒரே திருப்பு, கதவு திறந்துகொண்டது. அறை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. டமாரிஸ் கதவடியில் கிடந்தாள். உயிர் இருந்தது. நகமெல்லாம் பிய்ந்து, முடியில் வெள்ளை வெள்ளையாக உறைபனி... அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மகள்தான் சோறு ஊட்டுகிறாள்.

ஒல்மான் அவளைத் தூக்கும்போதுதான் திரையைப் பார்த்தான். செகுந்தோ சாலேனிடமிருந்து பதில் வந்திருந்தது.

"தாமதத்துக்கு மன்னிச்சுக்கோங்க அம்மா. என் பதிலுக்குக் காத்திருக்கிறதாப் போட்டிருந்தீங்க. நீங்க என்ன கேட்டீங்கன்னுதான் தெரியல... சொல்றீங்களா?"