ஏழாவது லயத்தின் கடைசிப் பாட்டு

சாயங்காலம் ஏழு மணி தாண்டியிருக்கும். புக்கிட் ரோத்தான்ல இருந்து தோட்டத்துக்குள்ள போற ரோடு. ஒரு விளக்குக்கம்பம் கிடையாது. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் செம்பனை... மழை பேஞ்சு அழுகின பழத்து வாடை. அந்த ரோட்டுல தனியா காடி ஓட்டிக்கிட்டுப் போறாரு சுகுமாறன்.

யாருன்னு கேக்கறீங்களா? நம்ம தனேஷோட சித்தப்பா. ராவாங் பேக்டரியில சூப்பர்வைசர். வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே கேளுங்க, விடிஞ்சா கல்யாணம். கை நின்னுச்சுன்னா கங்கா அக்கா என்னைத்தான் ஏசுவாங்க.

இந்த சுகுமாறன் யாரையும் நம்பமாட்டாரு. மீன் வாங்கப் போனா செவுளைத் தூக்கிப் பாக்கறதோட விடமாட்டாரு, கடைக்காரன் மூஞ்சியையும் உத்துப் பாப்பாரு. ஆனா பழைய பாட்டுன்னா உயிர். மவுத் ஆர்கன் வாசிப்பாரு... சுமாராதான்.

அந்தத் தோட்டத்துல ஒரு காலத்துல, குடியிருந்த லைன் வீட்டு வரிசைப் பேருலயே 'ஏழாவது லயம்'னு ஒரு பேண்ட் இருந்துச்சு. ரெண்டே பேரு. நடராஜா கித்தாரும் பாட்டும், அழகேசன் டிரம். புளூஸும் ரோக்கும் கலந்து, எல்லாம் தமிழ்ல. ஆம்ப் வாங்க வழியில்லாம கோயில் ஒலிபெருக்கியில கித்தாரை மாட்டுவாங்களாம். கரகரன்னு, தகரத்தைத் தரையில இழுத்த மாதிரி சத்தம். அழகேசன் உறுமி அடிச்ச கை, மூணாவது அடி எப்பவும் கொஞ்சம் லேட்டா விழும். அதுதான் அவங்க அழகே. ஒரு ரேடியோக்காரனும் சீண்டல. நடராஜா சின்ன வயசுலயே காய்ச்சல்ல போயிட்டாரு.

வெளிவராத அவங்க பாட்டையெல்லாம் தேடிப் பிடிச்சு ஒரே சிடியா போடணும்னு சுகுமாறனுக்கு வெறி. நடராஜாவோட அக்கா திலகம் பிஸ்கட் டின் நிறைய கேசட் குடுத்தாங்க. அதுல ஒண்ணுல பேரே எழுதல.

போட்டுப் பாத்தா... ஆளுங்க நடமாட்டம். ஒரு பொம்பளை விசும்பறாங்க. கதவு அடைக்கிற சத்தம். அப்புறம் ஒண்ணுமில்ல... ரொம்ப நேரம். திடீர்னு கித்தார். யாருமே கேட்டிராத பாட்டு. நடுநடுவுல நிறுத்தி, யாருக்கோ இடம் விட்டு வாசிக்குது. நம்மாளு சும்மா இருப்பாரா? அந்த இடத்துல மவுத் ஆர்கனை எடுத்து ஊதியும் பாத்திருக்காரு.

அதைப் பத்திக் கேக்கத்தான் அன்னிக்கு அழகேசன் வீட்டுக்குப் போறாரு. அழகேசன் அதே தோட்டத்துல தனியா இருந்தாரு. கேசட்டைக் கேட்டதும் முகமே செத்துப்போச்சு.

"தம்பி, இது அவனோட பதினாறாம் நாள் படையல் லா. கோழிக்கறி, கள்ளு, கித்தாரு, அவனுக்குப் பிடிச்சதெல்லாம் வச்சோம். அவன் பாட்டையே போட்டுவிட்டா கேப்பான்னு அக்கா ரெக்கார்டரையும் வச்சாங்க. அழுகையில ரெக்கார்ட் பண்ற சிவப்பு பட்டனையும் சேர்த்து அமுக்கிட்டாங்க போல."

உங்களுக்குத் தெரியும்ல... செத்தவங்க வந்து சாப்பிடட்டும்னு கதவைச் சாத்திட்டு எல்லாரும் வெளிய நிப்போம். அழகேசனும் வெளியதான் நின்னாரு. உள்ள யாருமில்ல.

"கதவு அடைக்கிறது கேக்குது. திறக்கிறது கேக்குதா பாரு? அதுக்குள்ள டேப் முடிஞ்சிருச்சு. அதுல அந்தக் கதவு இன்னும் திறக்கல. அவன் உள்ளதான் இருக்கான். எனக்கு இடம் விட்டு வாசிக்கிறான். இதை வெளிய விடாதப்பா, என்னையும் கூப்பிட்டுக்குவான்." கையெடுத்துக் கும்பிட்டாராம்.

நம்மாளு என்ன செஞ்சாரு? சந்தேகப்பட்டாரு! கிழவன் பாட்டை வேற எவனுக்கோ விக்கப் பாக்கறான், இல்லாட்டி எவனையோ வாசிக்க வச்சு நம்மள முட்டாளாக்கறான்னு. சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்து, சிடியில கடைசிப் பாட்டா அதையே சேர்த்துட்டாரு. அந்த மனுஷன் கும்பிட்டதை நினைச்சா எனக்கு இன்னும் ஆத்திரமா வருது.

சிடியை அடிக்கக் குடுத்த வாரமே அழகேசன் செத்துப்போயிட்டாரு. அதே வாய்க்கால். மோட்டார் சைக்கிள் ஓரமா ஸ்டேண்ட் போட்டு நிக்குது... ஆளு தண்ணிக்குள்ள.

அடிச்ச சிடியெல்லாம் பெட்டியில வந்துச்சு. சுகுமாறன் கடைசிப் பாட்டைப் போட்டாரு. கதவு அடைக்குது. சத்தமே இல்ல. அப்புறம் கித்தார்... அப்புறம், கதவு திறக்குது. யாரோ செருப்பைக் கழட்டி விடற சத்தம். திரும்ப அடைக்குது. டிரம் ஆரம்பிக்குது. மூணாவது அடி கொஞ்சம் லேட்டு.

சிடி அடிச்சவன்தான் விளையாடிட்டான்னு சண்டைக்குப் போனாரு. அவன் பாவம், "நீங்க குடுத்ததைத்தான் அண்ணே போட்டேன்"னான். வீட்டுக்கு வந்து பழைய கேசட்டையே போட்டாரு. அதுலயும் டிரம்.

"நீ பாத்தியா?"ன்னு இங்க உக்காந்து திலீப் முறைக்கிறான் பாருங்க. நானும் நம்பல லா. இதை எனக்குச் சொன்ன தனேஷ் வாயைத் திறந்தா புளுகு. அதனாலதான் போன ஞாயித்துக்கிழமை நேராவே போனேன். சுகுமாறன் பாதி ஆளா இருக்காரு. மவுத் ஆர்கன் எங்கன்னு கேட்டேன். கெர்லிங் ஆத்துல வீசிட்டாராம். ஏன்னு கேட்டேன். சிடியைப் போட்டாரு.

கித்தார் வருது, டிரம் வருது... நடுவுல கித்தார் நின்னுபோச்சு. டிரம் மட்டும் மெதுவா அடிச்சுக்கிட்டே இருக்கு, யாரையோ எதிர்பாக்கற மாதிரி. மவுத் ஆர்கன் வாசிக்கத் தோதான இடம்.

அப்புறம் கதவு திறக்குது.

அடைக்கிற சத்தத்துக்காக நாங்க ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம். சிடி ஓடி முடிஞ்சு தானா நின்னுச்சு... அடைக்கவே இல்ல.